மாமாவின் நெஞ்சு ஒட்டிய வேன்

ஹாலிஎல வளைவில் நல்ல வெயில். என் வேன் கண்ணாடியிலிருந்து உரித்த ஒரு கறுப்புத் தாளை டிராபிக் சார்ஜன்ட் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்திருக்கிறார். உதடு மட்டும் அசைகிறது. மனுசன் ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று நினைத்தேன். கிட்டப் போனால், எண்ணிக்கொண்டிருக்கிறார்.

"பத்து... பதினொண்ணு..."

நிறுத்தினார். தாளை இறக்கினார். என்னைப் பார்த்தார்.

"ஏய் டிரைவர். இது யாரு நெஞ்சு?"

இத்தனை வருசம் ஸ்டீயரிங் பிடித்ததில் போலீஸ்காரர்கள் என்னிடம் கேட்காத கேள்வி இல்லை. லைசன்ஸ் எங்கே, இன்சூரன்ஸ் எங்கே, பின்லைட் எங்கே, மூளை எங்கே. ஆனால் 'இது யார் நெஞ்சு' என்று அதற்கு முன்னாலும் யாரும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

"ராலாமி, அது..." என்று இழுத்தேன். போலீஸ்காரரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். "அது டின்ட் ராலாமி."

"டின்ட்டுக்கு எலும்பு இருக்கா?"

இருந்தது. விலா எலும்பு, வரிசையாக, வெள்ளை வெளேர் என்று.

இந்த இடத்தில் வண்டியைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்துகிறேன். நான் லைசன்ஸ் எடுத்த கதையைப் போன வாரம் படித்துவிட்டு ஒரு வாசகர் சந்தேகம் கேட்டிருக்கிறார். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர் இவ்வளவு எழுதுவாரா என்று. சந்தேகம் சரிதான் ஐயா. நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள். கெட்ட வார்த்தை வந்தால் பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்விடுவாள். அதனால்தான் இந்தத் தொடரில் போலீஸ் வரும் இடங்கள் மட்டும் சுருக்கமாக இருக்கும். இந்தக் கதையில் அந்தப் பயம் இல்லை. இந்தச் சார்ஜன்டைத் திட்ட எனக்கு மனசு வராது.

மீன் தொட்டி

தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருசம் கேட்காதீர்கள். எனக்கு வருசமெல்லாம் எந்த டயர் எப்போது வெடித்தது என்ற கணக்கில்தான் ஞாபகம்.

பதுளை வேன் ஸ்டாண்டில் அப்போது கறுப்புக் கண்ணாடிதான் மவுசு. கறுப்புக் கண்ணாடி போட்ட வேனுக்குக் கலியாண ஹயர் வரும். போடாத வேனுக்கு மரக்கறி மூட்டை வரும். என் வேனில் எட்டுப் பக்கமும் கண்ணாடி, எட்டும் பளிச் என்று இருக்கும். ஸ்டாண்டில் அதற்கு 'மீன் தொட்டி' என்று பெயர். உள்ளே உட்கார்ந்திருக்கும் நான் என்ன மீன் என்று கேட்டால், நெத்தலி என்பார்கள்.

ஒரு நாள் ஒரு கலியாண வீட்டுக்காரர்கள் வேன் பார்க்க வந்தார்கள். பெண்ணுடைய அத்தை என் வேனைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இதுல பொண்ண ஏத்துனா ஊர்கோலமே தேவயில்ல. போற வழியெல்லாம் ஊரே பாத்துப்புடும்" என்றார்.

"பாத்தா என்னாங்க? பாக்கத்தானே இம்புட்டு அலங்காரம்?" என்றேன்.

"பொண்ணு வழியில வாந்தி எடுக்கும் தம்பி. அதயும் பாக்கணுமா?"

அவர்கள் பக்கத்துக் கறுப்பு வேனைப் பேசிக்கொண்டு போனார்கள். எனக்கு அன்றைக்கு லீக்ஸ் மூட்டைதான்.

நேரே பஜாரில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த ஹனீபா நானாவிடம் போனேன். டின்ட் ரோல் என்ன விலை என்று கேட்டேன். சொன்னார். எனக்கே கண் கறுத்துவிட்டது.

"விலய உடுங்க தம்பி" என்றார் நானா. "இப்ப இத ஒட்டினா பொலிஸ் புடிக்கிது. சண்டை நடக்கிற காலம். உள்ளுக்கு ஆரு இருக்காங்கன்டு வெளிய நிக்கிறவனுக்குத் தெரியோணுமாம். நானே ரோல உள்ளுக்கு ஒளிச்சு வச்சிருக்கன்."

இதில் விலை சம்பந்தப்பட்ட பாதி மட்டும்தான் என் காதில் ஏறியது. போலீஸ் சம்பந்தப்பட்ட பாதி மறுகாது வழியாகப் போய்விட்டது. என் காதுகள் சின்ன வயசிலிருந்தே அப்படி.

லயத்துக்கு லயம் எலும்பு

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹாலிஎலவுக்கு மேலே. பக்கத்து லயத்தில், அதாவது பக்கத்து வரிசை வீடுகளில், ஒரு வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்து போய், அதில் ஒரு எக்ஸ்ரே படத்தை வைத்து அடைத்திருந்தார்கள். யாரோ ஒருவருடைய பாதம். ஐந்து விரலும் ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

வெளியே இருந்து பார்த்தேன். கறுப்பு. உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

எனக்குள் ஒரு பல்பு எரிந்தது. அது எப்போதெல்லாம் எரிகிறதோ அப்போதெல்லாம் எனக்கு நட்டம்தான். அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.

எங்கள் தோட்டத்தில் எக்ஸ்ரே படத்துக்குப் பஞ்சமே இல்லை. பதுளை ஆஸ்பத்திரியில் படம் எடுத்தால் அதைக் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அடுத்த கிளினிக்குக்கு நாம்தான் கொண்டுபோக வேண்டும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் காக்கி உறையில் இரண்டு மூன்று இருக்கும். ஸ்டூடியோவில் போட்டோ எடுக்கக் காசு வேண்டும். இதை அரசாங்கம் சும்மா எடுத்துத் தருகிறது. சில வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருப்பார்கள். விருந்தாளி வந்தால் பிளேன்டீயோடு முழங்காலையும் கொண்டுவந்து காட்டுவார்கள்.

லயம் லயமாக ஏறி இறங்கினேன்.

"பழய எக்ஸ்ரே இருந்தா குடுங்க. பதுளைக்கு ஒரு நட சும்மா கூட்டிக்கிட்டுப் போறேன்."

பதினொன்று சேர்ந்தது. முழங்கால் நாலு, முழங்கை இரண்டு, பாதம் மூன்று, ஒரு இடுப்பு. கோயில் திருவிழாவில் அடி வாங்கிய ஒருத்தருடைய தாடை ஒன்று.

கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் இன்னும் ஒன்று குறைந்தது. கடைசி சீட்டின் வலது பக்க ஜன்னல் மட்டும் பாதி மூடி, பாதி திறந்து, கண் அடிக்கிற மாதிரி இருந்தது.

வீட்டுக்குள் வந்தேன். புஷ்பம், அதாவது என் சம்சாரம், மலைக்குக் கொழுந்து எடுக்கப் போயிருந்தாள். கட்டிலுக்கு அடியில் அவளுடைய தகரப் பெட்டி. பெட்டிக்குள் அடியில் கூறைச் சேலை. சேலைக்கு அடியில் ஒரு காக்கி உறை.

அது என் மாமனாருடைய நெஞ்சு.

மாமா பெயர் காத்தமுத்து. எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது பேக்டரியில், நாற்பது வருசம் வேலை செய்து ஓய்வு எடுத்தவர். எங்களோடுதான் இருந்தார். ஸ்டோர்த் தூசி மொத்தமும் நெஞ்சுக்குள் போய்த் தங்கி, அது இருமலாகத் தவணை தவணையாக வெளியே வந்துகொண்டிருந்தது. அந்தப் படம் அப்போதைக்கு இரண்டு வருசப் பழசு.

நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள், அது பொய். நெஞ்சே மாமாவிடம் பத்திரமாக இருக்கும்போது அதன் படம் எதற்கு என்று நன்றாக யோசித்துத்தான் எடுத்தேன்.

கோதுமை மாவில் பசை காய்ச்சி ஒட்டினேன். மாமாவின் நெஞ்சு மட்டும் கண்ணாடியில் சரியாக உட்காராமல் மேல்பக்கம் உப்பிக்கொண்டு வந்தது. நடுவிலும் ஒரு கை பசையை அள்ளி வைத்து அமுக்கினேன். காய்ந்ததும் கெட்டி ரொட்டி மாதிரி பிடித்துக்கொண்டது.

ஜன்னல் சீட்டு

வெளியே இருந்து பார்த்தால் மந்திரி வண்டி. உள்ளே இருந்து பார்த்தால் மயானம். வெயில் அடித்தால் எலும்பெல்லாம் மினுங்கும். பண்டாரவளைப் பக்கம் வளைந்து வளைந்து ஏறும்போது யாரோ ஒருத்தருடைய முழங்கால் நிழல் இன்னொருத்தர் மடியில் ஊர்ந்து போகும்.

எங்கள் சனம் பயப்படும் என்று நினைத்தேன். பயமா? சீட்டுக்குச் சண்டை போட்டார்கள்.

"இந்தா எம் முட்டி! தள்ளி ஒக்காரு புள்ள, நான் எம் முட்டிக்கிட்டதான் ஒக்காருவேன்."

"ஒன் முட்டின்னு எழுதி ஒட்டியிருக்கா?"

"ஆணி வச்சது தெரியுதுல்ல? ஒன் முட்டில ஆணி இருக்கா? காட்டு பாப்போம்!"

கலியாண ஹயரும் ஒன்று வந்தது. ஒன்றே ஒன்றுதான். மணப்பெண் தலைக்கு நேர் மேலே தாடை வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா ஏறினார், பார்த்தார், இறங்கினார். அவரைத் திரும்ப ஏற்ற ஒரு தேங்காய் உடைக்க வேண்டியதாயிற்று.

மற்றபடி வண்டி ஓடாத இடமில்லை. கதிர்காமத்துக்கு யாத்திரை, வெலிமடைக்கு மரக்கறி, நுவரெலியாவுக்கு வசந்தகாலச் சுற்றுலா. நாலைந்து மாசம் எந்தக் கரைச்சலும் இல்லை.

மாமாவுக்கு மட்டும் புதுப் பழக்கம் ஒன்று வந்திருந்தது. நான் வண்டி கழுவும் நேரத்தில் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, ஏறி, கடைசி சீட்டில் வலது பக்கமாக உட்கார்ந்துகொள்வார். வெயில் காய்கிறேன் என்பார். கறுப்பு அடைத்த ஜன்னலில் என்ன வெயில் காய்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"நேத்து எங்குட்டு மாப்ள போன?" என்று கேட்பார்.

"கதிர்காமம் மாமா."

"ம்." அவ்வளவுதான். இரண்டு இருமல் இருமிவிட்டு இறங்கிப் போய்விடுவார்.

உள்ளே போன சார்ஜன்ட்

இனி ஹாலிஎல வளைவுக்குத் திரும்பி வருவோம். சார்ஜன்ட் இன்னும் வெயிலில்தான் நிற்கிறார்.

சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்டுத் திறப்பதில்லை.

"ராலாமி, டின்ட் ஒட்டக் கூடாதுன்னுதானே சட்டம்? எக்ஸ்ரே ஒட்டக் கூடாதுன்னு சட்டத்துல இருக்குங்களா?"

சார்ஜன்ட் கோபப்படவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு உண்மையாகவே யோசித்தார். பிறகு சொன்னார்:

"நான் உள்ள போறது. நீ வெளிய நிக்கிறது. ஹரித?"

சரி என்று தலையாட்டினேன். ஏறிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது.

"நான் இப்ப என்ன செய்றது? சொல்லு."

முழங்கால் தெரிந்தது. இடுப்பு தெரிந்தது. சார்ஜன்ட் தெரியவில்லை.

"தெரியலிங்க ராலாமி."

கதவைத் திறந்து இறங்கினார்.

"நான் நாக்கு நீட்டினது. உனக்குத் தெரியல. எனக்கும் வெளிய நின்னா தெரியாது. அதுதான் சட்டம்."

அதற்கு மேல் எந்த வக்கீலும் பேச முடியாது. பிளேடு வைத்து மிச்சப் பதினொரு படத்தையும் அவரே உரித்தார். கிழிக்காமல், ஆப்பம் எடுக்கிற மாதிரி பதமாக உரித்தார். அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினார். வழக்குத் துண்டு எழுதினார். மூன்று வாரம் கழித்து கோர்ட்.

"ராலாமி, படம்?"

"இது இப்ப வழக்குச் சாமான். கோர்ட்ல கேட்டு வாங்கு."

மீன் தொட்டி திரும்ப மீன் தொட்டியானது. நான் ஸ்டாண்டுக்குப் போகாமல் வீட்டுக்குப் போனேன்.

தேடல்

சாயங்காலம் புஷ்பம் தகரப் பெட்டியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் ரொட்டி தீய்ந்துகொண்டிருந்தது.

"ஏங்க, அப்பாவோட பழய நெஞ்சுப் படத்தப் பாத்தீங்களா?"

"எந்த நெஞ்சு?"

"அப்பாவுக்கு எத்தன நெஞ்சு?"

அப்போதுதான் விசயம் வெளியே வந்தது. போன வாரம் நான் ஹயர் போயிருந்த நேரம், அவள் மாமாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். புதிதாக ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். நெஞ்சில் ஒரு நிழல் தெரிகிறதாம். முன்னால் எடுத்த படத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதிலும் அதே நிழல் இருந்தால் பழைய தழும்பு, பயமில்லை. இல்லாவிட்டால் கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கத்தான் வேண்டும். கிளினிக் நாளைக்குக் காலையில்.

கொழும்பு என்றால் உங்களுக்குச் சாதாரணமாக இருக்கலாம். மாமாவுக்கு அடையாள அட்டை கிடையாது. எங்கள் தோட்டத்தில் அப்போது பலபேருக்குக் கிடையாது. அட்டை கேட்டால் பிரஜாவுரிமைக் கடதாசி கேட்பார்கள். அதற்கு அப்பனுடைய கடதாசி கேட்பார்கள். அப்பன் கூடையும் கம்பளியும்தான் விட்டுப்போயிருப்பான், கடதாசிக்கு எங்கே போவது? பதுளை வரைக்கும் முகம் தெரிந்த போலீஸ், விட்டுவிடுவார்கள். அதைத் தாண்டினால் வழியெல்லாம் செக் பாயின்ட். பக்கத்து லயத்துக்காரர் ஒருவர் கொழும்புக்குப் போன இடத்தில், அட்டை இல்லையென்று மூன்று நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தார். வந்த பிறகும் ஒரு மாசம் பேசவில்லை.

"அங்கன போயிப் படுக்கிறதுக்கு நான் இங்கனயே இருமிக்கிட்டுக் கெடக்குறேன்" என்று மாமா சொல்லிவிட்டாராம்.

நான் என்ன செய்தேன்? ஆம்பிளை மாதிரி உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். மகள் விடமாட்டாள், அவள் அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள். நானும் சேர்ந்து தேடினேன். கட்டிலுக்கு அடியில் தேடினேன். மா டின்னுக்குள் தேடினேன். கூரைத் தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் கைவிட்டுத் தேடினேன். மாமா மட்டும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் புஷ்பம், "ஒங்க வேன்ல ஒட்டியிருந்தீங்களே, அதெல்லாம் யாரு வீட்டுப் படம்?" என்று கேட்டாள்.

நான் தேடுவதை நிறுத்திவிட்டுக் கையிலிருந்த தூசியைத் தட்டினேன்.

அவள் திட்டவில்லை. தீய்ந்த ரொட்டியை எடுத்துத் தட்டில் வைத்து என் முன்னால் தள்ளிவிட்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

பேர் போட்ட சாமான்

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஆள் போகும் முன்பே, மூன்று பேரும் போலீஸ் வாசலில் நின்றோம். சார்ஜன்ட் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார்.

"ராலாமி, நேத்து அந்த நெஞ்சு யாருதுன்னு கேட்டீங்களே. இவருதுதாங்க. எம் மாமனார்."

விசயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினார். குறுக்காக.

"புத்தகத்துல எழுதியாச்சு. பன்னெண்டு படம். கோர்ட்டுக்கும் பன்னெண்டு போகணும். ஒண்ணு குறைஞ்சா என் தொப்பி போறது."

"ரெண்டு மணித்தியாலம் குடுங்க ராலாமி. நானே கொண்டாந்து குடுக்கிறேன்."

"உன்ன எப்படி நம்புறது? நீ சொந்த மாமா நெஞ்சு எடுத்து ஒட்டின ஆள்."

புஷ்பம் வேறு, "அவரு சொல்றது சரிதானே" என்று முணுமுணுத்தாள். என் பக்கம் ஆளே இல்லை.

அப்போதுதான் மாமா தடியைச் சுவரில் சாத்திவிட்டு முன்னால் வந்தார். சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நெஞ்சைத் திறந்துகொண்டு மேசைக்கு முன்னால் நின்றார்.

"ஐயா, ஒத்துப் பாத்துக்குங்க. எலும்பு சரியா இருக்கும்."

சார்ஜன்ட் சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கட்டை எடுத்துவந்து அவிழ்த்தார். நெஞ்சுப் படம் ஒன்றுதான், தேடவே வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மூலையில் வெள்ளை எழுத்தில் இங்கிலீசில் ஏதோ இருந்தது. நாலைந்து மாசம் என் வண்டியில் இருந்த எழுத்து. எனக்கும் படிக்கத் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. அது அழுக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சார்ஜன்ட் எழுத்துக் கூட்டிப் படித்தார். "கா... த... முத்து. உங்க பேரா?"

"ஆமாங்க."

"ஐடென்டி கார்ட்?"

"இல்லிங்க."

"வேற என்ன இருக்கு, பேர் போட்ட சாமான்?"

மாமா படத்தைக் காட்டினார். "கவருமெண்டு எம் பேரப் போட்டுக் குடுத்தது அது ஒண்ணுதாங்க" என்றார்.

சார்ஜன்ட் படத்தைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். "சட்டை போடுங்க, குளிர்" என்றார். கொக்கியில் இருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"டிரைவர், வண்டி எடு. சாமான் என் கை விட்டுப் போகக் கூடாது, அது சட்டம். என் கை எங்க போகணும், அது சட்டத்துல இல்ல."

பசைக்கு அடியில்

முன் சீட்டில் சீருடையோடு சார்ஜன்ட். மடியில் மாமாவின் நெஞ்சு. கண்ணாடி எட்டும் பளிச். ஸ்டாண்டைத் தாண்டும்போது எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"அண்ணே! வீட்டுக்குச் சொல்லி விடவா?" என்று ஒருத்தன் கத்தினான்.

"வீடு பின்னாலதான்டா வருது!" என்று நானும் கத்தினேன்.

நெஞ்சுக் கிளினிக் டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளை. மெலிந்த ஆள், குரல் மட்டும் தடித்தது. வரிசையில் நின்ற சனமெல்லாம் போலீசைக் கண்டு வழிவிட்டது. இது சட்டத்தில் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

டாக்டர் புதுப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். பழையதற்குக் கை நீட்டினார். சார்ஜன்ட் கொடுக்கவில்லை, அவரே மாட்டினார். ஒரு மூலையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் கிட்டப் போய்ப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"இதென்ன நடுவில? ஆர் இதில களி பூசினது?"

"அது மாப்பசைங்க டாக்டரம்மா" என்றேன்.

"எக்ஸ்ரேயில ஏன் மா?"

"வேன் கண்ணாடில ஒட்டுறதுக்குங்க."

டாக்டர் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உமக்கென்ன விசரே?"

"ஆமாங்க" என்றாள் புஷ்பம், எனக்கு முந்தி.

"நான் பாக்க வேண்டிய இடம் முழுக்க இந்தப் பசைக்குக் கீழதான் கிடக்குது" என்றார் டாக்டர்.

சார்ஜன்டும் குனிந்தார். "அதுதான் நானும் நேத்து எலும்பு எண்ணினது, டாக்டர். பதினொண்ணுதான் வருது. ஒண்ணு குறையுது."

நான் மாமாவைப் பார்த்தேன். தடியில் இரண்டு கையையும் வைத்து, கையில் தாடையை வைத்து உட்கார்ந்திருந்தார். இருமலைக் கூட நிறுத்திவைத்திருந்தார். என் கை அள்ளி வைத்த ஒரு கை மாவுக்கு அடியில் அந்த மனுசனுடைய கொழும்பு இருந்தது.

டாக்டர் பஞ்சைத் தண்ணீரில் நனைத்தார். படத்தைக் கழற்றி மேசையில் விரித்து, ஓரத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தார். அவசரப்படவில்லை. ஊறவைத்துத் துடைத்தார், ஊறவைத்துத் துடைத்தார். புளித்த மா வாசம் அறை முழுக்கப் பரவியது. ஒரு இடத்தில் கரப்பான் கடித்த பல் தடம் கூட இருந்தது. நான் கும்பிடாத சாமி இல்லை. சார்ஜன்ட் ஒரு மூலையைப் பிடித்தபடியே நின்றார்.

திரும்ப மாட்டினார். இரண்டு படமும் பக்கம் பக்கமாக. விரலை இதில் வைத்தார், அதில் வைத்தார். பென்சிலால் அளந்தார்.

"ஓம்" என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை.

"ஓம், இதிலயும் இருக்கு. அதே இடம், அதே அளவு. ரெண்டு வருசமா அசையேல்ல. பழைய தழும்பு ஐயா. கொழும்பு ஒண்டும் வேண்டாம். மருந்தை ஒழுங்காக் குடியுங்கோ, புகையில நிக்காதேங்கோ."

புஷ்பம் அழுதாள். மாமா நிறுத்திவைத்திருந்த இருமலையெல்லாம் ஒரே தவணையில் இருமித் தீர்த்தார். சார்ஜன்ட் விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, "பன்னெண்டு!" என்றார். அவர் சந்தோசம் அவருக்கு.

வலது பக்கக் கடைசி சீட்டு

சார்ஜன்டையும் சாமானையும் போலீஸில் இறக்கிவிட்டுத் தோட்டத்துக்கு ஏறினோம். மாமா வழக்கம்போல் கடைசி சீட்டில், வலது பக்கம். கண்ணாடியில் காய்ந்த பசைத் தடம் மட்டும் மிச்சமிருந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தார்.

"மாமா, மன்னிச்சுக்குங்க. ஒங்க படம்னு தெரிஞ்சேதான் எடுத்தேன்."

"எனக்குந்தான் தெரியும் மாப்ள. எடுத்த மறுநாளே தெரியும்."

பிரேக்கில் கால் போய்விட்டது. புஷ்பம் திரும்பினாள். "தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

மாமா வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாப்பது வருசம் ஸ்டோருக்குள்ள கெடந்தேன். இப்பவும் கார்டு இல்லாம பதுளயத் தாண்டிப் போக முடியல. எம் நெஞ்சாச்சும் கதிர்காமம் போச்சு, நுவரெலியா போச்சு. ஒட்டியிருக்கட்டுமேன்னு இருந்தேன்."

நான் வண்டியைப் பார்த்து ஓட்டினேன்.

கோர்ட்டில் தண்டம் கட்டினேன். படங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். லயம் லயமாக ஏறி எலும்பை எல்லாம் உரியவர்களிடம் ஒப்படைத்தேன். மாமாவின் நெஞ்சு தகரப் பெட்டிக்குப் போனது. பெட்டிக்குப் பூட்டு வந்தது. சாவி இன்றைக்கு வரைக்கும் நான் பார்த்ததில்லை.

சார்ஜன்ட் மாற்றலாகிப் போகும்வரை அந்த வளைவில் என் வண்டியை நிறுத்துவார். பளிச்சென்ற கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்து, "நெஞ்சு எப்படி?" என்பார். "பன்னெண்டும் இருக்கு ராலாமி" என்பேன். போகச் சொல்லிக் கை காட்டுவார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருசம். சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம் ஒன்று வந்ததே, அந்த நேரத்தில் எங்கள் ஆட்களுக்குக் கடதாசி கிடைத்தது. மாமாவுக்கும் அட்டை வந்தது. கைக்கு வந்த அன்றைக்கே கேட்டார்.

"மாப்ள, கடல் எங்குட்டு இருக்கு?"

மறுநாள் விடிந்ததும் பொத்துவிலுக்குப் புறப்பட்டோம். பசறை தாண்டி, மொனராகலை தாண்டி இறங்கினோம். மாமா முன் சீட்டில். கையில் அட்டை. செக் பாயின்ட் வருவதற்கு நாலு மைல் முன்னாலேயே எடுத்துப் பிடித்துக்கொள்வார். இரண்டு இடத்தில் எங்களை நிறுத்தவே இல்லை. அவருக்கு அதில் பெரிய மனக்குறை.

மலை முடிந்து சமவெளி வந்ததும், கண்ணாடியைக் கீழே இறக்கச் சொன்னார். பாதி இறக்கினேன். முழுசா என்றார். முழுசாக இறக்கினேன். தலையையும் ஒரு கையையும் வெளியே போட்டுக்கொண்டார். அட்டை பிடித்த கை. காற்றில் சட்டை உப்பியது.

"மாமா, கைய உள்ள போடுங்க. போலீசு புடிக்கும்."

"புடிக்கட்டும் மாப்ள" என்றார். "இப்பத்தான் கார்டு இருக்குல்ல."